இவர் பெயரில் நான் பார்த்தவை

ஆகஸ்ட் 5

வீடியோவில் வருகிற டாக்டரம்மா சொல்லிவிட்டார், மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தினமும் நாலு வரியாவது எழுதி வைக்க வேண்டுமாம். நோயாளிக்காக இல்லை, நமக்குக் கிறுக்குப் பிடிக்காமல் இருக்க. சரி, எழுதிவிட்டுப் போகிறேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்கு அப்புறம் நான் எழுதியதெல்லாம் பால்காரனுக்குப் போட்ட கணக்குதான்.

நோயாளி என்று எழுதியதுமே கை நின்றுவிட்டது. நோயாளி என் வீட்டுக்காரர். ஆவுடையப்பன், அரசு பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பங்குனியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆரம்ப நிலைதான், மெதுவாகத்தான் போகும், ஆனால் திரும்பி வராது என்றார். வெளியே வந்து இவருடைய அக்காவுக்கு, என் மதினிக்கு, போன் போட்டேன். மதினி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அவன்கிட்ட மூச்சு விடாத, கேட்டா உடஞ்சு போயிருவான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தன் நோய் தெரிந்ததே கிடையாது. மாமனாருக்குக் கடைசிவரைக்கும் வாயுக்கோளாறு என்றுதான் நினைப்பு. ஆகையால் இவர் இப்போது தினமும் 'சத்து மாத்திரை' சாப்பிடுகிறார்.

மூஞ்சியைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்கிற மனுஷனிடம் இதை மறைக்கிறேன். என் தைரியத்தை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9

குக்கர் சத்தத்துக்கு நடுவில்தான் வீடியோ பார்ப்பது. காதில் வயரை மாட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தால், சீரியல் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். 'காட்சிப்பெட்டி' என்கிற செயலி அது. சினிமா, சீரியல், டாக்டர் பேச்சு எல்லாம் வரும். சந்தா இவர் பெயரில், இவர் போன் நம்பரில். கேஸ், கரண்ட், ரேஷன் எல்லாம் இவர் பெயரில் இருக்கும்போது இது மட்டும் என் பெயரிலா இருக்கும்?

இன்று கூட்டாஞ்சோறு. உப்பு கம்மி. நான்தான் போட மறந்தேன், இவர் இல்லை.

ஆகஸ்ட் 24

நம் வீட்டுக்காரருக்கு என்னமோ ஆகிவிட்டது. நல்லதாகத்தான் ஆகியிருக்கிறது.

காலையில் எழுந்து வந்தால் அடுக்களையில் நிற்கிறார். அடுப்பைத் திருகித் திருகிப் பார்க்கிறார், கேஸ் மூடியிருக்கிறதா என்று. அப்புறம் ஒவ்வொரு டப்பாவிலும் காகிதம் ஒட்டி, மணி மணியான எழுத்தில் துவரம்பருப்பு, சிறுபருப்பு என்று எழுதினார். எதுக்கு இதெல்லாம் என்றேன். சும்மா பொழுதுபோகல என்றார். கல்யாணமானதிலிருந்து தண்ணீர்ச் செம்பு எங்கே இருக்கிறது என்று கேட்ட மனுஷன். வீடியோவில் சொன்னபடி தனக்கு மறக்கிறது என்று தானே உணர்ந்து ஒட்டிவைக்கிறார் போலிருக்கிறது. பெருமாளே, அந்த அளவுக்காவது புத்தி தெளிவாக இருக்கிறதே, உனக்கு நன்றி.

ஆகஸ்ட் 30

"வடிவு, இன்னைக்கு என்ன கெழம?" என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னது ஒன்றொன்றாக வருகிறது, முதலில் கிழமை போகும் என்று. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் வெள்ளிக்கிழமை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்க்கிற வாத்தியார் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மறுபடி, போன வாரம் யார் வீட்டுக்குப் போனோம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அழுகையை அடக்கிக்கொண்டு ரசத்துக்குத் தாளித்தேன்.

செப்டம்பர் 6

மார்க்கெட்டிலிருந்து இரண்டு கட்டு வல்லாரைக் கீரை வாங்கி வந்திருக்கிறார். ஞாபகத்துக்கு நல்லதாம். என்னைத்தான் சாப்பிடச் சொல்கிறார். எனக்கு எதற்கு, நீங்கள் சாப்பிடுங்கள் என்று நான் அவர் தட்டில் தள்ள, அவர் என் தட்டில் தள்ள, கடைசியில் துவையல் மேஜை மேல் கிடந்தது. சண்டைதான், ஆனால் சிரிப்பாகவும் இருந்தது. இப்போதெல்லாம் நான் கடைக்குப் போனால் கூடவே வருகிறார். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்கிறார். பாளையங்கோட்டை மார்க்கெட்டில், ஊர் பார்க்க, கையை.

எனக்கு வெட்கமாக இருந்தது. கையை எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 19

மதினி போன் பண்ணினாள். எழுத உட்கார்ந்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

இவர் நேற்று மதினிக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார். வடிவுக்கு மறதி நோய் வந்திருக்கு அக்கா, அவகிட்ட சொல்லிராத, தாங்கமாட்டா என்று. உனக்கு யார் சொன்னது என்று மதினி கேட்டதற்கு விவரம் சொன்னாராம். குற்றாலம் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்திலிருந்து போன மாதமே இவர் நம்பருக்குப் போன் வந்திருக்கிறது. சார், உங்க வீட்ல மறதி நோயாளி இருக்காங்கல்லா, நம்ம இல்லத்துல நல்லா பாத்துக்கிடுவோம் என்றானாம் ஒருத்தன். உனக்கு எப்படித் தெரியும் என்று இவர் அதட்டியதற்கு, காட்சிப்பெட்டியில அந்த வீடியோவா பாத்திருக்கீங்களே சார், அங்க இருந்துதான் உங்க நம்பர் வந்துச்சு என்று கூசாமல் சொல்லியிருக்கிறான்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். இவர் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை. அப்படியானால் நான்தான் பார்த்திருக்கிறேன், நோய் எனக்குத்தான், அதை இவரிடம் மறைத்துக்கொண்டு தனியாகக் கஷ்டப்படுகிறேன். செக்கர் புத்தி சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

அடுப்பைப் பார்த்தது, டப்பாவில் ஒட்டியது, கிழமை கேட்டது, கீரை, ரோட்டில் கையைப் பிடித்தது, எல்லாம் எனக்காக.

"இத நான் சிரிக்கவா அழவா வடிவு?" என்றாள் மதினி. எனக்கும் தெரியவில்லை என்றேன்.

செப்டம்பர் 20

இன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைத்திருந்தார். முகத்தில் ஒரு பொறுப்பு. ரிட்டையர் ஆன பிறகு நான் பார்க்காத முகம். சொல்லவில்லை. நவராத்திரி முடியட்டும்.

அக்டோபர் 4

கொலுப்படி கட்டினோம். பொம்மைகளை எடுத்து வைக்கும்போது எது எந்தப் படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பொம்மை மாறிப்போயிருந்தது. நான் திருத்தவில்லை.

தீபாவளி கழித்துச் சொல்லலாம்.

அக்டோபர் 21

முடி வெட்டிவிட்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பினார். மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று, ஆளைக் காணோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சலூனில் கேட்டால் வரவே இல்லை என்றார்கள்.

நாலு மணிக்கு இவர் போனிலிருந்தே இன்னொரு குரல். ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் பேசுகிறேன் அம்மா, செக்கர் ஐயா இங்கே ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறார், எந்த பஸ் என்று தெரியாமல் முழிக்கிறார், நீங்கள் பதறாமல் வாருங்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றார். அந்த மனுஷன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவர் குடும்பம் நல்லா இருக்கணும். டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். சீதபற்பநல்லூர் தாண்டியதும் சொன்னார். அந்த இல்லத்துக்குத்தான் போனாராம். எனக்கு அறை பார்க்க. பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் ஆலங்குளத்தில் இறங்கி முழித்தாராம். மலை தெரிகிற மாதிரி ஜன்னல் இருக்கிறதாம், நாளைக்குத் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எங்கே போவேன் என்றுதானாம்.

"முப்பது வருசம் இந்த ரோட்டுல ஏறி எறங்குனவன் நான். எந்த பஸ்சுன்னு தெரியல வடிவு" என்றார். கொஞ்சம் கழித்து, "நோய் ஒனக்கு இல்ல, என்ன?" என்றார்.

"இல்ல."

"எனக்குத்தான?"

"ஆமா" என்றேன். ஏழு மாதமாக வராத வார்த்தை, ஓடுகிற பஸ்ஸில் வந்துவிட்டது.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "நல்லவேள" என்றார். "ஒனக்கு இல்ல."

நான்தான் அழுதேன். முன் சீட்டுக்காரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும்.

அக்டோபர் 23

இவருக்கு என் மேல் கோபம். மதினியின் போனையும் எடுக்கவில்லை. கேட்பது ஒரே கேள்விதான். என் நோயை எங்கிட்ட மறைக்க நீங்க ரெண்டு பேரும் யாரு?

அக்டோபர் 26

இனி எதையும் மறைக்க மாட்டேன் என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு கோபம் வேறு பக்கம் திரும்பியது, அந்தச் செயலிக்காரன் மேல். பொண்டாட்டி மறைத்தது வீட்டுச் சண்டை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டில் என்ன பார்க்கிறோம் என்று ஊரில் போய் விற்றானே, அவன் யார்? டிக்கெட் எடுக்காமல் என் வீட்டுக்குள் ஏறியிருக்கிறான், அவனை இறக்கிவிடாமல் விடமாட்டேன் என்றார்.

நவம்பர் 8

வக்கீல் ஜெசிந்தாவைப் பார்த்தோம். முருகன்குறிச்சியில் ஆபீஸ். நாற்பது வயதிருக்கும், நிதானமான பெண். இவர் தன் நோயைத் தானே சொன்னார், ஒரு தடங்கலும் இல்லாமல். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். எனக்கு அதிலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. அமெரிக்காவில் வீடியோ கேசட் வாடகைக்கு எடுக்கிற காலத்திலேயே, யார் என்ன படம் எடுத்தார்கள் என்று கடைக்காரன் வெளியே விடக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்களாம். இப்போது அதே சட்டத்தை வைத்து வீடியோ கம்பெனிகள் மேல் வழக்குக்கு மேல் வழக்காம். நம் ஊரில் அப்படி வீடியோவுக்கென்று தனிச் சட்டம் இல்லை. சொந்த விவரங்களைக் காக்கப் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது, முழுதாக இன்னும் நடப்புக்கு வரவில்லை. ஆனால் நுகர்வோர் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த விவரத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது முறையற்ற வியாபாரம். அது போதும், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்றாள்.

ஆதாரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். இவர் போனில் வருகிற பேச்சு எல்லாம் தானாகவே பதிவாகிவிடுமாம். அந்த இல்லத்து ஆள் பேசியதும் அப்படியே இருந்தது. எப்படி நிறுத்துவது என்று இவருக்குத் தெரியாததால் பிழைத்தோம்.

ஜனவரி 17

எங்கள் வழக்குக்குக் காட்சிப்பெட்டி கம்பெனியின் பதில் வந்திருக்கிறது. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தா கட்டியவர் கணவர், ஆகவே மனைவி வாடிக்கையாளரே இல்லை. கணவரோ வீடியோவைப் பார்க்கவே இல்லை, ஆகவே அவருக்கு நஷ்டம் இல்லை. போதாக்குறைக்கு, விவரத்தைக் கூட்டாளிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கலாம் என்ற கட்டத்தில் சம்மதம் என்று அமுக்கியிருக்கிறோம். அமுக்காவிட்டால் உள்ளேயே விடமாட்டானே.

பார்த்தவளுக்கு உரிமை இல்லை, உரிமை உள்ளவர் பார்க்கவில்லை. நல்ல நியாயம். ஜெசிந்தா சிரித்தாள். வீட்டில் ஒருவர் எடுத்த சேவையை அவர் சம்மதத்தோடு இன்னொருவர் பயன்படுத்தினால் அவரும் நுகர்வோர்தான், அதனால்தான் உங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டேன் என்றாள்.

மார்ச் 3

வாய்தா.

ஏப்ரல் 29

மறுபடியும் வாய்தா. படியிறங்கும்போது, நாம எதுக்கு இங்க வந்தோம் என்றார். சொன்னேன். ஆமாமா என்றார், ஞாபகம் வந்த மாதிரி. இவர் வாயால் இவர் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. தீர்ப்பு எப்படியும் போகட்டும். ஆனால் எல்லாரும் இவரைப் பற்றி இவர் இல்லாத இடத்தில் பேசிவிட்டோம், நான் முதல்கொண்டு. ஒருதரமாவது இவர் பேசி நாங்கள் கேட்க வேண்டும்.

ஜூன் 12

இவர் எழுத்தில் கொடுத்த வாக்குமூலம் செல்லாது, நினைவு சரியில்லாதவர் கொடுத்தது என்று எதிர்த்தரப்பு மனு போட்டிருக்கிறது. நேரில் விசாரிக்க வேண்டுமாம். ஜெசிந்தா முகம் வாடிவிட்டது. வேண்டாம் என்றால் உங்கள் வாக்குமூலத்தை வைத்தே பார்க்கலாம் அக்கா என்றாள். இவர்தான், நான் வாரேன் என்றார்.

ஜூலை 2

இன்று நடந்ததை ஒரு வரி விடாமல் எழுதிவிட வேண்டும்.

வெள்ளை வேட்டி, சட்டை. காலையில் நல்ல தெளிவு. ஆணையத்துக்குள் போனதும் கொஞ்சம் மிரண்டார். தலைவர் அம்மா நாற்காலி போடச் சொல்லி, அவசரமில்லை ஐயா என்றார். அந்த வார்த்தைக்கு அவர் காலில் விழலாம்.

எதிர்த்தரப்பு வக்கீல் இளவயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். இன்றைக்கு என்ன தேதி என்பதுதான் முதல் கேள்வி. நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். இவர் சுவரில் காலண்டர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். "தெரியல" என்றார்.

என்ன மாதம் என்றதற்கும் தெரியவில்லை என்றார். வக்கீல் தலைவரைப் பார்த்துவிட்டு, அடுத்ததைக் கேட்டார். உங்கள் மனைவிக்கு நோய் என்று கம்பெனி சொல்லவில்லை, அந்த இல்லத்து ஆளும் சொல்லவில்லை, நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள், அதில் கம்பெனியால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

இவர் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். கேள்வியையே மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு பேசினார். டூட்டியில் இருந்த காலத்துக் குரல் அது.

"வீட்ல ரெண்டே பேரு சார். யாருக்கோ இந்த நோயின்னு ஒருத்தன் போன்ல சொல்லுதான். எனக்குன்னா பரவால்ல, நான் அவளுக்குன்னு நெனச்சேன். தெனமும் காலையில முழிச்சதும் அவ என்னைய அடையாளம் தெரிஞ்சு பாக்காளான்னு அவ மூஞ்சியத்தான் பாப்பேன். இன்னைக்குத் தேதி எனக்குத் தெரியல. அந்தப் பயம் மட்டும் மறக்க மாட்டேங்கு. எங்க விவரத்தை அழிக்கணும்னு கேஸ் போட்டுருக்கோம்லா, இதையும் அழிச்சுக் குடுக்க முடியுமான்னு கேளுங்க."

அதற்குமேல் கேள்வி இல்லை என்று அந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் இவர் கையைப் பிடித்து, வருத்தப்படாதீர்கள் சார், என் வேலை இது என்றார். இவர் அவர் தோளைத் தட்டி, நானும் செக்கராக இருந்தவன்தான் என்றார்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இன்று மட்டும் எத்தனை பேருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 15

ஜெயித்துவிட்டோம். நாங்கள் பார்த்த விவரத்தைக் கொடுத்தது தவறு, சம்மதக் கட்டம் ஒரு சாக்கு ஆகாது, எங்கள் விவரங்களைக் கம்பெனியும் அந்த இல்லமும் அழித்துவிட்டு எழுத்தில் சொல்ல வேண்டும், நஷ்ட ஈடும் தர வேண்டும் என்று உத்தரவு. கம்பெனி மேல்முறையீடு போகலாமாம், போகட்டும். மதினி போனில் அழுதாள். இவர் அவளோடு பேசினார், போன வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக. கோபம் எதனால் என்பது இவருக்கு மறந்துபோயிருந்தது. அதற்கும் ஒரு கும்பிடு.

அக்டோபர் 10

உத்தரவின் நகலோடு ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். காபி போட நான் அடுக்களைக்குள் வந்தேன். முன்னறையில் இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவது கேட்டது. தாழ்த்திப் பேசுவதாக இவருக்கு நினைப்பு.

"வக்கீலம்மா, ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். வடிவுக்கு முன்ன மாதிரி இல்ல, ஞாபகம் தப்புது. கேஸ் விஷயம் எதுன்னாலும் எங்கிட்டயே பேசுங்க. அவள அலட்ட வேண்டாம்."

பால் பொங்கி வழிந்தது, அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. தன் நோயை மறந்துவிட்டார். ஆலங்குளத்தையும், பஸ்ஸில் நான் சொன்னதையும், ஆணையத்தில் பேசியதையும்கூட மறந்துவிட்டார். மிச்சம் நிற்பது அந்தப் பயம் ஒன்றுதான். இவர் அழித்துத் தரச் சொல்லிக் கேட்டது அதை மட்டும்தான்.

ஜெசிந்தாவும் குரலைத் தாழ்த்தினாள்.

"சரி சார். நம்பி எங்கிட்ட சொன்னீங்க. வேற யாருக்கும் போகாது."

உள்ளே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு, நகலைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும், அதை சாரிடமே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். இந்தப் பெண் என் வயிற்றில் பிறக்காமல் போனாளே.

அவள் போன பிறகு நினைத்துப் பார்த்தேன். எதையும் மறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். இப்போது போய், ஏங்க, நோய் எனக்கில்லை, உங்களுக்குத்தான் என்று சொல்லலாம். நல்லவேளை என்று மறுபடி ஒரு மூச்சு விடுவார். நாளைக் காலையில் அதுவும் போய்விடும், பயம் திரும்ப வந்து உட்காரும். தினமும் சொல்ல வேண்டும், தினமும் இவர் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சரி, தினமும் சொல்கிறேன் என்று முடிவு பண்ணினேன். சத்தியம் சத்தியம்தான்.

முன்னறைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒண்ணும் இல்லங்க, நல்லா இருக்கேன் என்று ஆரம்பித்தேன். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு அன்பான சிரிப்பு அது. நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை.

"நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. நான் இருக்கேம்லா" என்றார்.

இந்த வார்த்தையைக் கேட்க எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. சரிங்க என்றேன்.